வீட்டுக்குள் செயற்கைச் செடிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை போல வெயிலும் உப்புக்காற்றும் புழுக்கமும் சேர்ந்த ஊர்களில் உள்ள அடுக்குமாடி வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்ட பதில்கள் இவை. தொட்டிச்செடி, சுவர்ப் பச்சை, புல்விரிப்பு மூன்றும் இதில் உண்டு.

எந்த இடத்தில் உயிர்ச்செடி, எந்த இடத்தில் செயற்கைச் செடி?

பகலில் விளக்கு போடாமல் செய்தித்தாள் படிக்க முடிகிற இடம் என்றால் அங்கே உயிர்ச்செடியே வையுங்கள். மணி பிளான்ட், பாம்புக் கற்றாழை, ஜீஜீ செடி மூன்றும் அந்த வெளிச்சத்துக்கே தாங்கும். ஜன்னலே இல்லாத நடைவழி, படிக்கட்டுத் திருப்பம், டிவிக்குப் பின்சுவர், அலமாரியின் மேல்தட்டு, ஏசி காற்று நேராக அடிக்கும் மூலை, வருடத்தில் பல மாதம் பூட்டிக் கிடக்கும் வீடு ஆகியவைதான் செயற்கைச் செடிக்கு உரிய இடங்கள். நல்ல வெயில் விழும் பால்கனியில் பிளாஸ்டிக் செடி வைப்பது இரட்டை நஷ்டம். உயிர்ச்செடி செழிக்கும் இடம் வீணாகிறது, பிளாஸ்டிக்கும் சீக்கிரம் கெடுகிறது.

கடையில் கையில் எடுத்துப் பார்த்ததும் தரம் தெரியுமா?

தெரியும். முதலில் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். உண்மையான இலைக்கு அடிப்பக்கம் வெளிறியிருக்கும், நரம்பு புடைத்திருக்கும். மேலும் கீழும் ஒரே பச்சையாக இருந்தால் அது மலிவான அச்சு. அடுத்து, காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே பிளாஸ்டிக் குமிழ் துருத்திக்கொண்டிருந்தால் எவ்வளவு தள்ளி வைத்தாலும் கண்ணை உறுத்தும். இலை ஓரத்தில் நூல் பிரிகிறதா, அச்சடித்த நரம்புக் கோடு இலையின் நடுமடிப்பை விட்டு விலகியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

பொருளில் மூன்று வகை அதிகம் வரும். பாலிஎத்திலீன் இலை கொஞ்சம் மெழுகுத்தன்மையோடு வளையும். கழுவலாம், ஈரம் தாங்கும், புற ஊதாக் கதிர்த் தடுப்பு கலந்தும் கிடைக்கும். பாலியஸ்டர் துணி இலை, கடைக்காரர்கள் 'சில்க்' என்று சொல்வது, பார்க்க மென்மையானது. நிழலுக்கு மட்டும் சரி. பிவிசி தகடு இலை விலை குறைவு. ஆனால் அதை இளக்க வைக்கும் ரசாயனம் நம் ஊர் வெப்பத்தில் மெல்ல வெளியே கசியும். அதனால் ஓரிரு கோடையில் இலை பிசுபிசுக்கும், பிறகு விறைத்து ஒடியும். பெட்டியைத் திறந்ததும் கடுமையான பிளாஸ்டிக் வாடை வந்தால் பெரும்பாலும் அது பிவிசிதான். 'ரியல் டச்' என்று விற்கப்படும் பூச்சு இலைகளும் பூக்களும் தொட்டால் அசலைப் போலவே இருக்கும். ஆர்க்கிட் வாங்குவதானால் அந்த வகையில் வாங்குங்கள்.

சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனைப் பக்கம் நேரில் போய் வாங்குவது நல்லது. இணையத்தில் வாங்கினால் உயரத்தோடு இலை எண்ணிக்கையையும் பார்த்துவிடுங்கள். உயரத்தைத் தொட்டியின் அடியிலிருந்து அளந்து போடுவார்கள்; 4 அடி என்று வருவதில் இலைப் பகுதி இரண்டரை அடிதான் இருக்கும்.

எந்தச் செடி வகை அசலைப் போலத் தெரியும்?

அசலிலேயே தடித்து, மெழுகு பூசியதுபோல இருக்கும் செடிகளுக்குத்தான் பிளாஸ்டிக் ஒத்துப்போகும். ரப்பர் செடி, பாம்புக் கற்றாழை, ஜீஜீ, மான்ஸ்டெரா, சாறுள்ள சிறு கள்ளிகள் எல்லாம் அந்த இனம். அரிக்கா பனையில் ஓலை மெல்லியதாக இருப்பதால் நல்ல தயாரிப்பு வேண்டும், ஆனால் மூலையை நிரப்ப அதை அடிக்க ஆளில்லை. துளசி, கறிவேப்பிலை, மல்லிகை போல நாம் தினமும் கையால் தொடுகிற செடிகளைப் போலியில் வாங்காதீர்கள். அவற்றின் உருவம் நமக்கு அத்துப்படி, பொய் உடனே தெரிந்துவிடும். நீல ரோஜா, ஜிகினா தூவிய இலை இவையெல்லாம் மேடை அலங்காரத்துக்கு ஆகும், கூடத்துக்கு ஆகாது.

பிரித்து வைத்தால் விளக்குமாறு போல நிற்கிறதே?

பெட்டியில் அடங்குவதற்காகக் கிளைகளை மேல்நோக்கி அமுக்கி அனுப்புகிறார்கள். அப்படியே தொட்டியில் செருகுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. 4 அடிச் செடி ஒன்றைச் சரியாக விரிக்க அரை மணி நேரமாவது ஆகும்.

அடிக்கிளையிலிருந்து தொடங்குங்கள். தண்டோடு சேரும் இடத்தில் ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மறு கையால் கிளையை வளையுங்கள். பிடிக்காமல் வளைத்தால் உள்ளிருக்கும் கம்பி பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வரும். கீழ்க்கிளைகள் முதியவை, அவை தரைக்கு இணையாகவோ சற்றுத் தாழ்ந்தோ போகட்டும். நடுக்கிளைகள் சாய்ந்து நிற்க, உச்சிக் குருத்து மட்டும் நிமிர்ந்திருக்கட்டும். மேலிருந்து பார்த்தால் ஒரு கிளைக்கு நேர் கீழே இன்னொன்று வரக்கூடாது. பிறகு ஒவ்வொரு இலையின் காம்பையும் லேசாகத் திருகி, இலை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்புங்கள். செடி வெளிச்சத்தை நோக்கித்தான் வளரும் என்று நம் கண்ணுக்குத் தெரியும், அதனால் இந்த ஒரு வேலையே பாதிப் பொய்யை மறைத்துவிடும். இரண்டு மூன்று இலைகளைக் கத்தரித்தும் எடுத்துவிடலாம். குறையே இல்லாத செடிதான் சந்தேகம் கொடுக்கும்.

துணி இலையில் மடிப்பு விழுந்திருந்தால் ஹேர் டிரையரை மிதமான சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து இலையை விரல்களால் நீவுங்கள். பிவிசி இலைக்கு அந்தச் சூடு கூடாது, சுருண்டுவிடும்.

கூடவே வரும் சின்னக் கறுப்புத் தொட்டியில் அப்படியே வைக்கலாமா?

கூடாது. அந்தச் சிமென்ட் அடி வெறும் பிடிமானம். 4 அடிச் செடிக்கு 10 அங்குல வாயகலத் தொட்டி வேண்டும். மண் தொட்டி, சிமென்ட் தொட்டி, பிரம்புக் கூடை எதுவும் சரி. அடியில் உடைத்த செங்கல் அல்லது ஆற்றுக்கல் 3 கிலோவாவது போடுங்கள், இல்லாவிட்டால் மின்விசிறிக் காற்றுக்கே சாயும். அதன்மேல் கறுப்புத் தொட்டியை வைத்து, அதன் விளிம்பு வெளித்தொட்டி வாயிலிருந்து 2 அங்குலம் கீழே நிற்கும்படி சரிசெய்யுங்கள். சுற்றியுள்ள இடைவெளியில் தெர்மாகோல் துண்டுகளையோ பழைய செய்தித்தாளையோ திணித்து இறுக்குங்கள். மேலே ஒரு அங்குலத்துக்குக் கூழாங்கல். 10 அங்குலத் தொட்டிக்கு ஏறக்குறைய 2 கிலோ பிடிக்கும்.

கூழாங்கல்லுக்குப் பதில் கோகோபீட் தூள் போடுகிறவர்கள் உண்டு. காய்ந்ததும் அது விசிறிக் காற்றில் பறந்து வீடெல்லாம் படியும். தேங்காய் நாரையே பிரித்துப் பரப்பினால் அந்தத் தொல்லை இல்லை. பக்கத்தில் ஒரு அசல் மணி பிளான்ட்டை வைத்துவிட்டால் போலியும் அதன் மதிப்பில் உயரும்.

சுவர் முழுவதும் பச்சை வேண்டும். எத்தனை பேனல்?

பரப்பளவை மட்டும் வகுத்துக் கணக்குப் போட்டால் பற்றாக்குறை வரும். 8 அடி அகலம், 6 அடி உயரம் உள்ள சுவரை எடுத்துக்கொள்வோம். 50 செ.மீ. சதுரப் பேனல் (இலைக் கொத்துகள் செருகிய பிளாஸ்டிக் சட்டம்) ஒன்று 2.7 சதுர அடி, 48-ஐ 2.7-ஆல் வகுத்தால் 18 வரும். ஆனால் 8 அடி என்பது 244 செ.மீ., ஆகவே வரிசைக்கு 5 பேனல். 6 அடி என்பது 183 செ.மீ., ஆகவே 4 வரிசை. மொத்தம் 20 வாங்க வேண்டும். மிஞ்சும் துண்டுகளை வெட்டி எறியாதீர்கள், அதிலுள்ள இலைக் கொத்துகளைப் பிடுங்கி இணைப்புகளை மறைக்கப் பயன்படுத்தலாம்.

மாட்டும் முன் சுவரில் ஓதம் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், பெயின்ட் கொப்பளித்திருந்தால், முதலில் கசிவை அடைத்துவிடுங்கள். பச்சையைப் போட்டு மூடினால் காற்றோட்டம் நின்று பின்னால் பூஞ்சை படரும், மழைக்காலத்தில் கூடமே நாறும். நல்ல சுவரிலும் பேனலை நேராக ஒட்டக்கூடாது. முக்கால் அங்குல ரீப்பர்களை, அதாவது மெல்லிய மரச் சட்டங்களை, செங்குத்தாக 50 செ.மீ. இடைவெளியில் அடியுங்கள்; இந்தச் சுவருக்கு 6 அடி ரீப்பர் 6 தேவை. ஒன்றுக்கு 4 ஸ்குரூ வீதம் 24 ஸ்குரூவும் 24 பிளக்கும். ரீப்பர்மேல் 2 அங்குலக் கட்டமுள்ள வெல்டு மெஷ் (கம்பி வலை), அதில் பேனலுக்கு 4 கேபிள் டை (இழுத்து இறுக்கும் பிளாஸ்டிக் பட்டை). 100 உள்ள ஒரு பாக்கெட் போதும். கீழே தரையிலிருந்து 3 அங்குலம் விட்டுவிடுங்கள். வீடு துடைக்கும் தண்ணீர் படாது.

பேனல்கள் எல்லாம் ஒரே அச்சு. அப்படியே வரிசையாக மாட்டினால் ஒரே கொத்து 20 தடவை திரும்பத் திரும்ப வரும். ஒன்றுவிட்டு ஒன்றைக் கால்வட்டம் திருப்பி மாட்டுங்கள். பேனல்களை ஒன்றோடொன்று மாட்டும் விளிம்புப் பொத்தான்கள் பொருந்தாத இடத்தில் கேபிள் டை போட்டுக்கொள்ளலாம். தனித்தனிப் பெரணித் தண்டுகளும் தொங்கும் கொடிகளும் 30 வாங்கி இணைப்புகளில் செருகுங்கள். பெரிய இலைகள் கண் மட்டத்துக்குக் கீழே, கொடிகள் மேலே. வண்ணப் பூக்கள் கலந்த பேனலைத் தவிர்ப்பதே அழகு.

விளக்கு இரண்டு அடியாவது தள்ளி இருக்கட்டும். 3000 கெல்வின் மஞ்சள் ஒளியில் இலை உயிரோடு தெரியும். 6500 கெல்வின் வெள்ளை ஒளியில் நீலம் பாய்ந்து பிளாஸ்டிக் என்று சொல்லிவிடும்.

வாடகை வீடு, துளை போடக்கூடாது. என்ன செய்வது?

சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர் அடித்த சுவரில் ஒட்டும் கொக்கி நிற்காது. பெயின்ட் படலத்தோடு உரிந்து வரும், காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிப்பார்கள். எமல்ஷன் சுவரில் ஒரு கொடியின் எடை அளவுக்குத் தாங்கும். அதைவிடத் துணி மாட்டும் இரும்பு ஸ்டாண்டு ஒன்றில் மெஷ் கட்டி, பேனல் பொருத்திச் சுவரோரம் நிறுத்திவிடலாம். திரைச்சீலைக் கம்பியும் கொடி தொங்கவிட ஏற்றதே.

பால்கனிக்குப் புல்விரிப்பு எவ்வளவு வாங்க வேண்டும்?

ரோல் அகலம் பெரும்பாலும் 2 மீட்டர், அதாவது ஆறரை அடி. அந்த அகலத்தில் நீளத்தை மட்டும்தான் வெட்டித் தருவார்கள். 10-க்கு 4 அடி பால்கனிக்குத் தேவை 40 சதுர அடி என்றாலும், 10 அடி நீளம் வாங்கினால் 65 சதுர அடிக்குக் காசு கொடுக்க வேண்டும். 4 அடி நீளத்தில் இரண்டு துண்டு வாங்கிப் பக்கத்தில் பக்கம் போட்டால் 52 சதுர அடிதான் ஆகும். ஆனால் நடுவில் ஒரு இணைப்பு வரும். இணைப்பு என்றைக்கும் பலவீனமான இடம். 65-ஐ வாங்கி, மிஞ்சும் இரண்டரை அடிப் பட்டையை வாசலுக்கும் கொலுவுக்கும் வைத்துக்கொள்வதே உத்தமம்.

புல்லின் உயரம் 25 மி.மீ. போதும். 40 மி.மீ. காலுக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் நாற்காலி கால் பட்ட இடம் படுத்துவிடும், தூசியும் அடியில் தங்கும். பச்சையோடு சுருண்ட பழுப்பு நூல் கலந்திருப்பது நல்ல அறிகுறி. அது நூலை நிமிர்த்திப் பிடிக்கும், பார்க்கவும் இயல்பாக இருக்கும். அடிப்பாகத்தில் தண்ணீர் வடியத் துளைகள் இருக்கின்றனவா என்று திருப்பிப் பாருங்கள்.

விரிக்கும் முறை?

ரோலைப் பிரித்து இரண்டு மூன்று மணி நேரம் தட்டையாகக் கிடக்க விடுங்கள். பால்கனியில் தண்ணீர் போகும் ஜாலியின் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்மேல் புல் மூடக்கூடாது, சதுரமாக வெட்டி விட்டுவிட வேண்டும். கையால் தடவினால் நூல் ஒரு பக்கம் சாயும். அந்தச் சாய்வு கூடத்து வாசலைப் பார்த்து வரும்படி விரியுங்கள். உள்ளிருந்து பார்க்கும்போது அடர்த்தியாகத் தெரியும், மாற்றிப் போட்டால் பளபளப்புதான் தெரியும். வெட்டுவது எப்போதும் அடிப்பக்கத்திலிருந்து, புதுப் பிளேடு போட்ட கட்டரால், தையல் வரிசைகளுக்கு நடுவே. சுவரோரம் அரை அங்குலம் விட்டு வெட்டினால் வெயிலில் விரிந்தாலும் மேடு கிளம்பாது.

பசை தடவி டைல்ஸில் ஒட்ட வேண்டாம். நான்கு மூலையில் மட்டும் இருபக்க டேப் போதும். வாரம் ஒருமுறை சுருட்டித் தரையைக் கழுவ முடிய வேண்டும், அடியில் தேங்கும் ஈரமும் புறா எச்சமும்தான் நாற்றத்துக்குக் காரணம்.

மொட்டைமாடி முழுக்கப் போடலாமா?

பரிந்துரைக்க மாட்டோம். கோடை நண்பகலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வெறுங்காலோடு குழந்தைகள் நிற்க முடியாது. தண்ணீர் தெளித்தால் குளிரும், ஆனால் சீக்கிரமே பழைய சூட்டுக்கு வந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் அடியில் ஈரம் நிற்கும். தளத்தின் வாட்டம் சரியில்லாத இடங்களில் பாசி பிடித்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சும் பாழாகும். கட்டாயம் வேண்டுமென்றால் நிழற்கூரைக்கு அடியில் சிறு பகுதிக்கு மட்டும் போட்டு, அக்டோபருக்கு முன் சுருட்டி உள்ளே வையுங்கள். எதிர்க் கட்டடத்துக் கண்ணாடியிலிருந்து வெயில் எதிரொளித்து ஒரே இடத்தில் குவிந்தால் நூல் உருகிக் கோடுகோடாகச் சுருங்குவதும் உண்டு.

இலை ஏன் நீலமாக மாறுகிறது?

பச்சை நிறம் பல சமயம் மஞ்சளும் நீலமும் கலந்தது. மஞ்சள் சாயம் வெயிலுக்கு முதலில் போய்விடுவதால் நீலம் மட்டும் எஞ்சுகிறது. துணி இலையில் இது சீக்கிரம் நடக்கும், மேற்குப் பார்த்த ஜன்னலில் இன்னும் சீக்கிரம். வெளியே வைப்பதானால் புற ஊதாத் தடுப்பு பிளாஸ்டிக்கிலேயே கலந்ததா, மேலே தெளித்ததா என்று கேளுங்கள். தெளித்தது சில மழையோடு சரி. கேபிள் டையும் கறுப்பாகவே வாங்குங்கள். வெள்ளை டை வெயிலில் நொறுங்கி, உயர்ந்த மாடியிலிருந்து பேனல் கீழே விழும் ஆபத்து உண்டு. வெளுத்த இலைக்குப் பெயின்ட் ஸ்ப்ரே அடித்தால் ஒரே தட்டையான பச்சைதான் கிடைக்கும்.

எப்படிச் சுத்தம் செய்வது?

தூசி படிந்த செயற்கைச் செடியைவிட வீட்டை மங்கலாக்குவது வேறில்லை. வாரம் ஒருமுறை 2 அங்குலப் பெயின்ட் பிரஷ்ஷால், மேலிருந்து கீழாகத் தட்டிவிடுங்கள். சுவர்ப் பேனலுக்கு ஹேர் டிரையரின் குளிர்காற்று வசதி.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவலாம். 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு தேக்கரண்டி. இலைகளை மட்டும் முக்கி எடுங்கள். தண்டின் அடியில் தண்ணீர் புகுந்தால் உள்கம்பி துருப்பிடித்துப் பழுப்புக் கறை இறங்கும். துணி இலையானால் ஒரு ஓரத்தில் ஈரத்துணியால் தேய்த்து, சாயம் போகவில்லை என்று உறுதி செய்த பிறகே கழுவுங்கள். கடைசி அலசலுக்குப் போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் இலையெங்கும் வெள்ளைப் புள்ளி நிற்கும். ஏற்கெனவே புள்ளி விழுந்திருந்தால் ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள். தலைகீழாக நிழலில் காயப் போடுங்கள். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுவது வேண்டவே வேண்டாம், மறுநாளே தூசி முழுவதும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

கொசு வருமா?

செடியால் வராது, தேங்கும் தண்ணீரால் வரும். பால்கனியில் அடித்துளை இல்லாத தொட்டி, கிண்ணம் போல் குவிந்த கற்றாழை வடிவ இலை, இரண்டும் மழைநீரைப் பிடித்து வைக்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அவ்வளவு தண்ணீரே தாராளம். தொட்டியடியில் துளை போடுங்கள், குவிந்த இலைகளின் மடியில் ஊசியால் குத்திவிடுங்கள். பல்லியும் சிலந்தியும் சுவர்ப் பேனலுக்குப் பின்னால் குடியேறத்தான் செய்யும். மாதம் ஒருமுறை ஓரப் பேனல்களைக் கழற்றிப் பார்த்துத் துடைப்பதைத் தவிர வழியில்லை.

பூஜை அறையிலும் சமையலறையிலும் வைக்கலாமா?

விளக்கு, ஊதுவத்தி, கற்பூரம் எரியும் இடத்தருகே கூடாது. பாலிஎத்திலீன் பற்றினால் உருகிச் சொட்டும், சொட்டிய இடமும் எரியும். பிவிசி எரிந்தால் மூச்சைத் திணறவைக்கும் அமிலப் புகை வரும். சுவாமி படத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் மாலை போட்டு, அதற்குக் கீழேயே அகல் ஏற்றுவது மிக ஆபத்தான பழக்கம். அங்கே ஒரு முழம் அசல் பூவே போதும். வாசல்நிலைக்குப் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் கட்டுவதில் கெடுதல் இல்லை, நிலைவிளக்கு அருகில் இல்லையென்றால். அடுப்பிலிருந்து 4 அடிக்குள் எதுவும் வேண்டாம். தீ ஒரு பக்கம், தாளிப்புப் புகையின் எண்ணெய்ப்பசை இன்னொரு பக்கம். மாடிப்படி, வெளியேறும் வழி ஆகியவற்றிலும் சுவர்ப் பேனல் அமைக்காதீர்கள்.

குழந்தை, பூனை கடித்தால்?

மலிவான பிவிசியில் ஈயச் சேர்மங்கள் கலந்திருக்க வாய்ப்புண்டு, நாள்பட நாள்பட அது தூசியாக உதிரும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் பாலிஎத்திலீன் வகையை, அதுவும் எட்டாத உயரத்தில் வையுங்கள். பூனை கம்பி முனையைக் கடித்து வாயைக் கிழித்துக்கொள்ளும். வெட்டிய கம்பி முனைகளை மடக்கிவிடுங்கள்.

பதப்படுத்திய பாசிச் சுவர் நம் ஊருக்கு ஆகுமா?

அது செயற்கை அல்ல. கிளிசரின் ஏற்றிச் சாயமிட்ட அசல் பாசி. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் ஈரம் மிகுந்து, சாயத்தோடு கசிந்து சுவரைக் கறையாக்கும். நாள் முழுதும் ஏசி ஓடும் அலுவலகத்துக்குச் சரி, ஜன்னல் திறந்து வாழும் வீட்டுக்கு ஒத்துவராது.

கொலு பார்க்குக்கு எது சரி?

25 மி.மீ. புல் பொம்மைகளுக்குக் காடு போல ஆகிவிடும், பொம்மைக் கால்கள் மூழ்கும். 8 அல்லது 10 மி.மீ. விரிப்பே போதும். பாதைக்கு உரிய இடத்தை வெட்டி எடுத்து மணல் பரப்புங்கள். ஓரங்களில் அந்தக் காலம்போல வெந்தயமோ கேழ்வரகோ முளைக்க வைத்தால் நடுவிலுள்ள பிளாஸ்டிக்கும் அதனோடு கலந்துவிடும். வெந்தயத்தை ஒரு இரவு ஊறவைத்து, கொலு வைப்பதற்கு நான்கைந்து நாள் முன்பே தட்டில் ஈரத்துணியின்மேல் பரப்பிவிடுங்கள். தட்டோடு இறக்கி வையுங்கள், நேராகப் புல்விரிப்பின்மேல் ஈரம் படக்கூடாது. முடிந்ததும் விரிப்பை உதறி, நூல் பக்கம் வெளியே வரும்படி சுருட்டி, நிமிர்த்தி வையுங்கள். மடித்து வைத்தால் மடிப்புக்கோடு அடுத்த ஆண்டும் போகாது.

பழசானதை என்ன செய்வது?

கம்பி, துணி, பிளாஸ்டிக், சிமென்ட் எல்லாம் ஒட்டிக்கிடப்பதால் பழைய பொருள் கடைக்காரர் முழுதாக எடுக்க மாட்டார். தொட்டியையும் கல்லையும் மீட்டு வையுங்கள். நன்றாக இருக்கும் இலைகளை இணுங்கி அடுத்த செடிக்குச் செருகுங்கள். தண்டைப் பிளந்து கம்பியைப் பிரித்தால் அது இரும்போடு போகும். எஞ்சியது உலர் குப்பைக்கு. குப்பைமேட்டில் எரிக்கவே கூடாது, மேலே சொன்ன அதே அமிலப் புகைதான் தெருவெல்லாம் பரவும்.